வரவா, பற்றா?

வரவு, பற்று என்ற இரண்டு சொற்களுக்கும் அர்த்தம் என்ன என்று எந்த மளிகைக் கடைக் கணக்குப்பிள்ளையைக் கேட்டாலும் சொல்லிவிடுவார். நாம் வாங்கியது பற்று. நாம் கொடுத்தது வரவு. இதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. ஆனால் அதே சொற்களை இங்கிலீஷில் 'டெபிட்' என்றும் 'கிரெடிட்' என்றும் சொல்லிவிட்டால் நமக்குப் புத்தி தடுமாறத் தொடங்கிவிடுகிறது. 'கிரெடிட்டில் வாங்கினேன்' என்றால் நம் ஊரில் கடனுக்கு வாங்கினேன் என்று பொருள். கிரெடிட் கார்டுக்குக் கடன் அட்டை என்றே பெயர். அப்படியிருக்க, மின்சாரக் கம்பெனியிலிருந்து ஒரு கடிதம் வந்து, 'உங்கள் கணக்கு 612 பவுன் கிரெடிட்டில் இருக்கிறது' என்று சொன்னால் படிப்பவர் என்ன நினைப்பார்?

என் அக்கா நினைத்ததைத்தான் நினைப்பார்.

அக்கா லண்டனில் ஹாரோ பகுதியில் இருக்கிறாள். முப்பது வருஷமாக அங்கேதான் வாசம். அத்தான் 2024 மார்ச்சில் காலமானார். வீட்டு வரவு செலவு முழுவதும் அவர் பொறுப்பில் இருந்தது. அக்காவுக்குத் தெரிந்ததெல்லாம் ஒரே ஒரு காரியம்: ஒவ்வொரு மாதமும் முதல் தேதியன்று மாடிப்படிக்கு அடியிலுள்ள மின்சார மீட்டரையும், வாசல் சுவரில் பெட்டிக்குள் இருக்கும் காஸ் மீட்டரையும் அத்தான் படிக்கச் சொல்ல, அவள் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்வாள். அவர் போன பிறகும் அந்த வழக்கத்தை அவள் விடவில்லை. தானே படித்து, தானே எழுதி, டெலிபோனில் கம்பெனிக்கும் சொல்லிக்கொண்டு வந்தாள்.

2025 ஏப்ரலில் நான் அவளைப் பார்க்கப் போனபோது வீட்டுக்குள் கம்பளிக் கோட்டுப் போட்டுக்கொண்டு சமைத்துக்கொண்டிருந்தாள். நான்கு அறைகளில் மூன்று பூட்டியிருந்தன. ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்தேன். கிணற்றுக் கல்லைப் போலச் சில்லென்றிருந்தது.

"ஏன் அக்கா இப்படி?" என்றேன்.

"கம்பெனிக்குக் கடன் நிக்குது தம்பி. அறுநூறு பவுனுக்கு மேல. நானும் குளிர்காலம் பூரா பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்து பார்த்தேன். குறைய மாட்டேங்குது" என்றாள்.

கடிதங்களை வாங்கிப் பார்த்தேன். பன்னிரண்டு மாதம், மாதத்துக்கு 150 பவுன் வீதம், அவள் பாங்கிக் கணக்கிலிருந்து 1800 பவுன் போயிருந்தது. அவள் உபயோகித்த மின்சாரமும் காஸும், தினசரி நிலைக் கட்டணமும் சேர்ந்து 1188 பவுன். பாக்கி 612. கடன்தான், ஆனால் கம்பெனி அவளுக்குத் தரவேண்டிய கடன். அவள் சிக்கனம் பிடிக்கப் பிடிக்க அந்தத் தொகை ஏறிக்கொண்டே போயிருக்கிறது. ஏற ஏற, அவள் இன்னும் கொஞ்சம் குளிரில் உட்கார்ந்திருக்கிறாள்!

இந்த ஏற்பாட்டின் சூட்சுமத்தைச் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் மின்சார வாரியம் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை கணக்கெடுத்து, எரித்ததற்குப் பிறகு பணம் வாங்குகிறது. முன்வைப்புத் தொகை ஒன்று அவர்களிடம் இருக்கிறது; அதற்கு வட்டியும் போட்டுக் கணக்கில் சேர்க்கிறார்கள். பிரிட்டனில் பெரும்பாலோர் 'டைரக்ட் டெபிட்' என்ற முறையில் செலுத்துகிறார்கள். வருஷம் முழுவதற்கும் எவ்வளவு ஆகும் என்று கம்பெனி மதிப்புப் போட்டு, பன்னிரண்டால் வகுத்து, மாதாமாதம் ஒரே தொகையைப் பாங்கியிலிருந்து தானே எடுத்துக்கொள்ளும். கோடையில் கொடுப்பது அதிகம், எரிப்பது குறைவு, குளிர்காலத்தில் நேர்மாறு. அறுவடையில் பத்தாயத்தை நிரப்பிவைத்து, பஞ்ச மாதங்களில் அள்ளிச் சாப்பிடுவது போலத்தான். அக்டோபரில் வரவு குவிந்திருப்பதும், ஏப்ரலில் பத்தாயத்தின் அடி தெரிவதும் நியாயமான கணக்கு. ஏப்ரலிலும் பத்தாயம் வழிந்தால் மதிப்புத் தப்பு என்று அர்த்தம். அக்கா கணக்கில் அக்டோபரில் 520 பவுன் இருந்தது. குளிர்காலம் முடிந்து அது இறங்கியிருக்க வேண்டும். 612 ஆக ஏறியிருந்தது. இரண்டு பேர் குடியிருந்த வீட்டுக்குப் போட்ட மதிப்பை, ஒருத்தி மட்டும் இருக்கும் வீட்டுக்கும் அப்படியே நீடித்திருந்தார்கள். இத்தனைக்கும் மாதாமாதம் மீட்டர் எண்களைச் சொல்லிவந்தவள் அவள்!

டைரக்ட் டெபிட் பிறந்த கதை ஒரு வேடிக்கை. 1964-இல் யூனிலீவர் கம்பெனி, தன்னிடம் சரக்கு எடுத்து ஐஸ்கிரீம் விற்றவர்களிடமிருந்து பணம் வசூலிக்க இந்த முறையைக் கையாண்டது. அங்கே வேலை பார்த்த அலஸ்டர் ஹான்டன் என்பவரின் யோசனை அது என்பார்கள். ஐஸ்கிரீமுக்காகப் பிறந்த யோசனை, வீட்டைச் சூடாக்கும் பணத்தை வசூலிக்க வந்து சேர்ந்திருக்கிறது.

"அவங்ககிட்டேயே இருந்துட்டுப் போகட்டுமே. பத்திரமாத்தானே இருக்கும்?" என்றாள் அக்கா, விஷயம் புரிந்த பிறகு. அவளுக்கு நான் 2021-ஆம் வருஷத்துச் சங்கதியைச் சொன்னேன். மொத்த விலை திடீரென்று ஏறியதில் இருபதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் அப்போது படுத்துவிட்டன. அவற்றில் சில, வாடிக்கைக்காரர்களின் வரவுப் பணத்தையே முதலாக வைத்துத் தொழில் நடத்தியிருந்தன. 'ஆப்ஜெம்' என்ற கண்காணிப்பு ஸ்தாபனம் வாடிக்கைக்காரர்களை வேறு கம்பெனிகளுக்கு மாற்றி, அவர்கள் வரவுப் பணத்தையும் காப்பாற்றிக் கொடுத்தது. அந்தச் செலவு கடைசியில் நாட்டிலுள்ள எல்லோருடைய பில்லிலும் வந்து விழுந்தது. இதெல்லாம் கிடக்கட்டும். அக்காவின் கம்பெனி அவள் பணத்துக்கு ஒரு பென்னி வட்டி கொடுக்கவில்லை. வட்டியில்லாமல் கடன் கொடுப்பது உறவுக்காரர்களுக்கு மட்டும் செய்கிற தர்மம்.

பக்கத்து வீட்டு அம்மாள் ஒரு யோசனை சொன்னாள்: பாங்கிக்குச் சொல்லி டைரக்ட் டெபிட்டையே நிறுத்திவிட வேண்டியது! அப்படி நிறுத்துவதற்கு யாருக்கும் உரிமை உண்டு என்பது மெய்தான். ஆனால் பில் வந்த பிறகு கட்டுகிறவர்களுக்கு விலை சற்று அதிகம். 2019 முதல் அமலில் இருக்கும் விலை உச்சவரம்பே அந்த வித்தியாசத்தை அனுமதிக்கிறது. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவானேன்?

கம்பெனியுடன் நானே பேச நினைத்தேன். முடியாது, கணக்கு யார் பேரில் இருக்கிறதோ அவர்தான் பேச வேண்டும். அக்கா அரை மணி நேரம் தயங்கினாள். "நாமளா போய்க் கேட்கிறது நல்லாவா இருக்கும்?" என்றாள். நம் குடும்பத்துப் பெண்களுக்கு இது பிறவி வியாதி. பிறருக்குக் கொடுக்க வேண்டிய காசை ராத்தூக்கம் கெட்டு எண்ணி வைப்பார்கள். தனக்கு வரவேண்டியதைக் கேட்பதென்றால் யாசகம் கேட்பது போல நாக்கு ஒட்டிக்கொண்டுவிடும்.

முதல் நாள் பேசியவர் மிகவும் மரியாதையாக, "வருஷாந்தரப் பரிசீலனை வரும்வரை தொகை கணக்கிலேயே இருப்பது உங்களுக்கு நல்லது" என்று சொல்லிவிட்டார். அக்கா நன்றி சொல்லி டெலிபோனை வைத்துவிட்டாள்! மறுநாள் ஒரு காகிதத்தில் இரண்டு கேள்விகளை எழுதிக் கொடுத்தேன். மாதம் 150 என்பது எந்தக் கணக்கின் மேல் போட்டது? பணத்தைத் திருப்பித் தர மறுத்தால் என்ன காரணம்? கம்பெனிகளுக்குக் கொடுக்கப்பட்ட லைசென்ஸ் நிபந்தனைகளிலேயே இந்த விஷயம் இருக்கிறது. கையிலுள்ள மிகச் சரியான, புதிய தகவலை வைத்துத்தான் மாதத் தொகையைப் போட வேண்டும். அதன் அடிப்படையைப் புரியும்படி சொல்ல வேண்டும். வாடிக்கைக்காரர் கேட்டால் வரவுப் பணத்தைத் தாமதமின்றித் தர வேண்டும், நியாயமான காரணம் இருந்தாலொழிய. எட்டு வாரத்துக்குள் புகார் தீரவில்லையானால் 'எனர்ஜி ஆம்பட்ஸ்மன்' என்ற மத்தியஸ்தரிடம் போகலாம். காசு பணம் கேட்கமாட்டார். மத்தியஸ்தர்வரை போகவேண்டி வரவில்லை. அக்கா தன் நோட்டுப் புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டு, பன்னிரண்டு மாத மீட்டர் எண்களை ஒவ்வொன்றாகப் படித்தாள். ஐந்தாவது மாதத்தைப் படிக்கும்போதே எதிர்ப்பக்கத்துக் குரலில் ஒரு பணிவு வந்துவிட்டது.

முழுவதையும் கேட்கவில்லை. 500 பவுன் கேட்டோம், 112-ஐ இருக்கவிட்டோம். "இனிமேல் மாதம் 99 பவுன் போதும்" என்று அவர்களாகவே சொன்னார்கள். அங்கேதான் நான் குறுக்கிட்டேன். 1188-ஐப் பன்னிரண்டால் வகுத்தால் 99 வரும், வாஸ்தவம். ஆனால் அந்த 1188 எப்படிப்பட்ட வருஷத்துச் செலவு? ஒரு விதவை மூன்று அறைகளைப் பூட்டிக்கொண்டு, கோட்டுக்குள் ஒடுங்கியிருந்த வருஷத்தின் செலவு. அடுத்த வருஷமும் அவள் அப்படியே ஒடுங்குவாள் என்றல்லவா அந்த 99 சொல்கிறது?

"அக்கா, 125 போடச் சொல்லு" என்றேன்.

அவள் டெலிபோனைக் கையால் பொத்திக்கொண்டு, "பைத்தியமா உனக்கு? குறைக்கிறேன்னு சொல்றவன்கிட்டே கூட்டச் சொல்றே?" என்றாள்.

"அத்தான் இருந்தப்போ இந்த வீடு எப்படி இருந்தது?"

அவள் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் நோட்டுப் புத்தகத்தின் பழைய பக்கங்களைப் புரட்டினாள். பிறகு கையை எடுத்துவிட்டு, நிதானமான இங்கிலீஷில், நூற்றிருபத்தைந்து என்றாள்.

பத்து நாளில் 500 பவுன் பாங்கிக்கு வந்து சேர்ந்தது. அதில் ஒரு பகுதியில் பாய்லரைப் பழுதுபார்த்தாள். மீதியை என்ன செய்தாள் என்று நான் கேட்கவில்லை; அது அவள் பணம்.

அக்டோபரில் ஒரு நாள் டெலிபோன் வந்தது.

"தம்பி, இப்போ வரவு நானூறு பவுன் நிக்குது. கேட்டு வாங்கிடலாமா?"

"இப்போ கேட்கக் கூடாது அக்கா. குளிர்காலம் வருதில்லையா?"

"அது எனக்குத் தெரியும். நீ சரியாச் சொல்றியான்னு பார்த்தேன்" என்றாள்.