பனிமேல் பெய்த மழை

மழையைத் தெய்வமாகப் போற்றும் மொழியில் வளர்ந்தவன் நான். மழை பெய்ததனால் மந்தைகள் பட்டினியால் மடிந்தன என்று ஒரு நூலகத்தில் படித்தபோது, அச்சுப்பிழையோ என்று ஐயுற்றேன். கோப்புகளில் பிழை தேடியே காலங்கழிக்கும் குமாஸ்தாவுக்கு அப்படித்தான் தோன்றும்!

ருஷ்யாவின் வடகோடியில், காரா கடலோரத்து யாமல் தீபகற்பத்தில், ரெயின்டீர் எனும் பனிமான்களை மேய்த்து வாழ்பவர் நெனெத்சு மக்கள். உணவு அதன் இறைச்சி. உடையும் கூடாரமும் அதன் தோல். சறுக்குவண்டியை இழுப்பதும் அதுவே. குளிர்காலத்தில் அது குளம்பால் பனியைத் தோண்டி, அடியிலுள்ள பாசி போன்ற லைக்கனை மேயும். பனி எத்துணை குளிர்ந்தாலும் கவலையில்லை, நனைந்தால்தான் கேடு.

2013 நவம்பரில் அங்கே மழை பெய்தது. நனைந்த பனி பின்னர் உறைந்து கெட்டியான ஓடாயிற்று. குளம்பு சறுக்கியதேயன்றி ஓடு உடையவில்லை. சுமார் 2,75,000 மான்களில் 61,000 மாண்டன. 2006 நவம்பரிலும் இவ்வாறே ஏறத்தாழ 20,000 மாண்டிருந்தன. அண்டைக் கடல்களில் பனிப்பரப்பு சுருங்கித் திறந்த நீர் மிகுந்ததே இம்மழைக்குக் காரணம் என்பர் ஆய்வாளர். புவி வெப்பம் என்றால் வறட்சி என்றே எண்ணியிருந்தேன். பட்டினி ஈரத்தின் வழியாகவும் வரும் போலும்.

இழுக்க மான் இல்லாதவன் கூடாரத்தை எதில் ஏற்றுவான்? மந்தை இழந்தோர் சிலர் ஓரிடத்தில் தங்கி மீன்பிடித்துப் பிழைத்தனர். இரவல் மான்களைக் கொண்டு மந்தையை மீண்டும் பெருக்க முயன்றனர்.

தில்லியில் தை மாதத்து மழை பெய்தால் அலுவலக நண்பர்கள் பகோடாவும் தேநீரும் வரவழைப்பர். நானும் உண்கிறேன், முன்போல் மழையைப் புகழ மட்டும் நா எழுவதில்லை.