ஆலெக்கே அம்மாளின் பிள்ளை

தியோடர் ஃபெர்னாலெக்கனை ஆஸ்திரிய நாட்டார் கதைகளைத் தொகுத்தவராகத்தான் முதலில் அறிந்தேன். 1812இல் பிறந்தவர். எந்தச் சொல்லைக் கண்டாலும் பகுதி, விகுதி என்று பிரித்துப்போடும் தமிழ் வாத்தியார் நான், இந்தப் பெயரை மட்டும் வெகுகாலம் பிரித்துப் பார்க்கவில்லை.

'ஃபெர்' என்பது 'ஃப்ராவ்' வடஜெர்மன் பேச்சில் தேய்ந்த வடிவம். அன்று அது மதிப்புள்ள பெண்ணை விளிக்கும் சொல். நம் 'அம்மாள்' மாதிரி. ஆலெக்கே, ஆடெல்ஹைட் என்ற பெயரின் செல்லச் சுருக்கம். நடுவில் நிற்கும் னகர ஒற்று ஆறாம் வேற்றுமை உருபு. ஆக, ஆலெக்கே அம்மாளின் பிள்ளை.

இப்படித் தாயின் பெயரில் நிலைத்த குடும்பப்பெயர்கள் ஜெர்மனியில் குறைவு. தகப்பன் பெயர், தொழில், ஊர் இவற்றால் வந்தவையே ஏராளம். முல்லர்களுக்குப் பஞ்சமே இல்லை. தாய் பெயர் என்றதும் 'அப்பன் பெயர் தெரியாதவன்' என்று முடிவுகட்டுவோர் உண்டு. அப்படியும் இருந்திருக்கலாம். ஆனால் கணவனை இழந்து வீட்டையும் நிலத்தையும் தானே நடத்தியவளின் பிள்ளையையும் ஊர் அப்படித்தான் அழைத்தது.

வேடிக்கை என்னவென்றால், அதன்பின் ஆலெக்கேயின் பெயரை மகன்கள்தான் சுமந்தார்கள். மகள்கள் கல்யாணத்தோடு அதை இழந்தார்கள். மேற்கு ஜெர்மனியில் மனைவியின் பெயரையும் குடும்பப்பெயராக ஏற்கலாம் என்று சட்டம் வந்ததே 1976இல். தம்பதி ஒத்துப்போகாவிட்டால் அப்போதும் கணவன் பெயர்தான். 1991இல் அரசியல் சாசன நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

என் இனிஷியல் இன்னும் அப்பாவுடையதுதான். மகளுக்கு என்னுடையதையும் சேர்த்தோம். பள்ளிப் படிவத்தில் ஒரே கட்டம். இரண்டெழுத்தையும் நெருக்கி எழுதினாள்.