வேலை போன பின்பு கையில் இருப்பது



மூன்று ஆண்டுகளுக்கு முன் மே மாதத்தின் முதல் ஞாயிறு ஆராதனையில் வேலையைக் குறித்துப் பிரசங்கித்தேன். உண்மையாய் உழைக்கிறவனை எந்த நிறுவனமும் இழக்க விரும்பாது என்று அன்று சொன்னேன். சிலர் தலையசைத்தீர்கள். சொல்லிய எனக்கும் அது நிறைவாகவே இருந்தது.

அந்த வாக்கியம் கடந்த மாதம் என் வீட்டு வாசலுக்குத் திரும்பி வந்தது. நம் சபையைச் சேர்ந்த ஒரு சகோதரர், முப்பத்து நான்கு வயது, ஓ.எம்.ஆர். சாலையிலுள்ள ஒரு மென்பொருள் நிறுவனத்தில் ஒன்பது ஆண்டுகள் பணியாற்றியவர், ஒரு வியாழக்கிழமை மாலையில் வந்தார். அவருடைய அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றார்.

"ஐயா, நீங்க சொன்ன மாதிரிதான் உழைச்சேன். பத்து மணிக்கு ஒரு மீட்டிங் வச்சாங்க. பத்தேகாலுக்கு லேப்டாப்பைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லிட்டாங்க."

குறை சொல்லும் தொனி அதில் இல்லை. அதனால்தான் எனக்கு இன்னும் அதிகமாய் வலித்தது. வீட்டுக்கடன் தவணை, மூத்த பிள்ளையின் பள்ளிக் கட்டணம், அம்மாவின் மருந்துச் செலவு எல்லாவற்றையும் சொன்னார். கர்த்தர் ஒரு கதவை அடைத்தால் மறு கதவைத் திறப்பார் என்று ஆறுதல் சொல்லி, ஜெபித்து அனுப்பினேன். அவர் போன பிறகு என் மனைவி, "டீயைத் தொடவே இல்லையே, பார்த்தீங்களா?" என்றாள். நான் பார்க்கவில்லை.

செமினரியில் எபிரேயம் படித்தபோது 'அவோதா' என்னும் சொல்லைக் கற்றுத் தந்தார்கள். வேலை, ஊழியம், ஆராதனை மூன்றுக்கும் அந்த ஒரே சொல் வழங்கும். அதை வைத்து எத்தனையோ பிரசங்கங்கள் செய்திருக்கிறேன். வேலையில் இருப்பவனுக்கு அது தேனாய் இனிக்கும். வேலை போனவன் காதில் அது எப்படி விழும் என்று அந்த இரவுவரை நான் யோசித்ததில்லை.

அடுத்த வாரம் செமினரித் தோழர் ஒருவர் குடும்பத்தோடு வந்திருந்தார். பிள்ளைகள் கேட்டதால் வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குப் போனோம். நம்மில் பலர் நாள்தோறும் ஈ.சி.ஆர். பேருந்தில் அதைக் கடந்து போகிறோம். உள்ளே போனவர்கள் எத்தனை பேர் என்று தெரியவில்லை. நானே பல ஆண்டுகளுக்குப் பிறகு அன்றுதான் போனேன். அங்குள்ள இருளர் கூட்டுறவுச் சங்கத்தில் மண்பானைகளின் வாய்களைத் துணியால் கட்டி வரிசையாக வைத்திருப்பார்கள். ஒவ்வொன்றிலும் பாம்பு. பிள்ளைகளின் கண்கள் பாம்பின்மேல் இருந்தன. நானோ அந்தப் பானைகளின் கதையை நினைத்துக்கொண்டிருந்தேன்.

1970களின் முற்பகுதிவரை நம் மாவட்டத்து இருளர்களில் பலர் தோலுக்காகப் பாம்பு பிடித்தார்கள். அந்தத் தோல் வெளிநாடுகளுக்குப் பைகளாகவும் செருப்புகளாகவும் போயிற்று; பிடித்தவர்களுக்குக் கிடைத்தது சொற்பக் கூலி. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், அதன்பின் வந்த தோல் ஏற்றுமதித் தடையும் அந்தப் பிழைப்பை முடித்துவிட்டன. சட்டம் நல்ல சட்டம்தான். பாம்பு அழிந்தால் எலி பெருகும். எலி பெருகினால் நெல் நமக்கு மிஞ்சாது. ஆயினும் நல்ல சட்டத்தினாலும் அடுப்பு அணையக்கூடும் என்பதை அதிகாரத்தில் இருப்பவர்களும் பிரசங்க பீடத்தில் நிற்பவர்களும் எளிதில் மறந்துவிடுகிறோம்.

1978ஆம் ஆண்டு பாம்பு பிடிக்கும் இருளர்களின் தொழிற்கூட்டுறவுச் சங்கம் உருவானது. முதலைப் பண்ணையை நிறுவிய ராமுலஸ் விட்டேக்கர் அதற்குத் துணைநின்றார். பாம்பைப் பற்றித் தாம் அறிந்தவற்றில் பெரும்பகுதியை இருளர்களிடமே கற்றவர் அவர். அதுமுதல் இருளர்கள் பாம்பைக் கொல்லாமல் பிடித்து, விஷத்தை மட்டும் எடுத்தார்கள். நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், கட்டு விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கும்தான் அவர்கள் பிடிப்பவை. அந்த விஷத்தைச் சிறிது சிறிதாகக் குதிரையின் உடலில் ஏற்றி, அதன் இரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பாற்றலைப் பிரித்தெடுத்து விஷமுறிவு மருந்து செய்கிறார்கள். இந்திய மருந்து நிறுவனங்களுக்குத் தேவையான விஷத்தின் பெரும்பங்கு நம் பக்கத்து ஊரின் இந்தப் பானைகளிலிருந்து போயிருக்கிறது. வயலில் பாம்பு கடித்து மருத்துவமனையில் பிழைத்தவர் உங்கள் குடும்பத்தில் இருந்தால், இவர்களுக்கும் ஒரு ஸ்தோத்திரம் சொல்லுங்கள்.

அன்று என்னைப் பிடித்து நிறுத்தியது ஒரு கேள்வி. இருளர்களின் தொழில் எது? தோல் விற்பது அவர்கள் தொழில் என்றால், தடை வந்த அன்றே அது முடிந்துவிட்டது. பாம்பு பிடிப்பது என்றாலும் பதில் முழுமையாகாது. அவர்கள் நிலத்தை வாசிக்கிறார்கள். வளையின் வாயில் மண் வழவழப்பாகி இருக்கிறதா, எலியின் தடம் புதியதா, உரிந்த சட்டையின் துண்டு கிடக்கிறதா, எச்சம் எத்தனை நாள் பழையது என்று பார்த்து, உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். தோல் வியாபாரி அதற்குக் கூலி கொடுத்ததே இல்லை. அவர் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் தோல்தான்.

இந்தக் கண் எவ்வளவு தூரம் பயணப்படும் என்பதற்கு ஒரு சான்று உண்டு. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் பர்மிய மலைப்பாம்புகள் பெருகி, அங்குள்ள சிற்றுயிர்களைத் தின்று தீர்த்தன. 2016ஆம் ஆண்டு அவற்றைப் பிடிக்க ஒரு போட்டி வைத்தார்கள். ஏறக்குறைய ஆயிரம் பேர் கலந்துகொண்டு ஒரு மாதத்தில் 106 பாம்புகளைப் பிடித்தார்கள். 2017 ஜனவரியில் நம் செங்கல்பட்டு மாவட்டத்து இருளர்களான மாசி சடையனையும் வடிவேல் கோபாலையும் அங்கே அழைத்துச் சென்றார்கள். மொழி தெரியாது, நிலம் புதிது, பாம்பும் அவர்கள் நாள்தோறும் பிடிக்கும் வகை அன்று. இரண்டு வாரம் நிறைவதற்குள் 13 மலைப்பாம்புகளைக் கண்டுபிடித்தார்கள். அவற்றில் ஒன்று பதினாறு அடி நீளம். 2023ஆம் ஆண்டு இருவருக்கும் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

இங்கே நிறுத்தினால் இது இன்னொரு பொய்யான பிரசங்கமாகிவிடும். திறமை இருந்தால் போதும், உலகம் தேடிவரும் என்பதாக. இருளர்களிடம் அந்தத் திறமை தலைமுறை தலைமுறையாக இருந்தது. அவர்கள் வறுமையிலும் தலைமுறை தலைமுறையாக இருந்தார்கள். சங்கமாகக் கூடியபின், அரசின் அனுமதி கிடைத்தபின், விஷத்தை வாங்குகிற மருந்து நிறுவனம் வந்தபின்தான் அந்தத் திறமைக்கு விலை கிடைத்தது. இன்றும் அனுமதி தாமதமானால் பானைகள் வெறுமையாகத்தான் இருக்கும். கையில் வித்தை வேண்டும். அந்தக் கையைப் பிடித்து அழைத்துப் போக இன்னொரு கையும் வேண்டும். இரண்டாவதைப் பற்றி நாங்கள் போதகர்கள் போதுமான அளவு பேசுவதில்லை.

வேதத்திலும் இதற்கு இடமுண்டு. மோசேயை அழைத்தபோது தேவன் முதலில் கேட்டது அவன் கையில் இருந்ததைப் பற்றி. அது ஆடு மேய்க்கிற கோல். நாற்பது வருட மேய்ச்சலில் தேய்ந்த கோல். அது பாம்பாகி, அதை வாலைப் பிடித்துத் தூக்கச் சொன்னார் என்று வாசிக்கிறோம். அன்று பானைகளின் நடுவில் நின்றபோது அந்தச் சம்பவம் புதிதாகத் தோன்றியது. அப்போஸ்தலர் நடபடிகளின் பதினெட்டாம் அதிகாரத்தையும் நினைத்துக்கொண்டேன். ராயனுடைய கட்டளையால் ரோமாபுரியை விட்டு வெளியேற்றப்பட்டவர்கள் ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாவும். ஒரே உத்தரவில் ஊர் போயிற்று, வாடிக்கையாளர்கள் போனார்கள். கூடாரம் செய்யும் தொழில் மட்டும் கூடவே கொரிந்துவுக்கு வந்தது. புதிதாய் அந்த ஊருக்கு வந்த பவுலும் அதே தொழிலைக் கற்றவர் என்பதால் அவர்களுடைய வீட்டிலேயே தங்கி வேலைசெய்தார். பவுலுக்குக் கொரிந்துவில் திறந்த கதவு ஒரு தொழிலாளியின் வீட்டுக் கதவு.

மறுநாள் மாலை அந்தச் சகோதரர் வீட்டுக்குப் போனேன். இந்த முறை ஜெபத்தைக் கடைசிக்கு வைத்துக்கொண்டேன். "தம்பி, உன் வேலையில மத்தவங்க கண்ணுக்குத் தப்பி, நீ கண்டுபிடிச்சது ஏதாவது சொல்லு" என்று கேட்டேன்.

"நான் டெஸ்டிங்தான் ஐயா. பட்டனை அழுத்தி வேலை செய்யுதான்னு பார்க்குறது. அதுல என்ன இருக்கு?" என்றார். தோல் வியாபாரி தம்மை மதிப்பிட்ட விதத்தையே அவரும் நம்பியிருந்தார். நிறுவனம் போட்ட விலையே தன் விலை என்று. நான் விடவில்லை. சற்று நேரம் கழித்து ஒன்று சொன்னார். ஒரு மருத்துவமனைக்கான பில் போடும் மென்பொருளைச் சோதித்தபோது, நள்ளிரவைத் தாண்டி வீட்டுக்கு அனுப்பப்படும் நோயாளிக்கு ஒரு நாள் வாடகை கூடுதலாக ஏறுவதைக் கண்டுபிடித்தாராம். சோதனைப் பட்டியலில் அப்படி ஒரு கேள்வியே இல்லை. "அம்மாவை ஒரு தடவை ராத்திரி பன்னிரண்டரைக்கு டிஸ்சார்ஜ் பண்ணினாங்க. அந்த ஞாபகத்துல போட்டுப் பார்த்தேன்" என்றார்.

அதைச் சுயவிவரக் குறிப்பில் எழுதினாயா என்று கேட்டேன். எழுதவில்லை. தெரிந்த மென்பொருள்களின் பெயர்களும் பணியாற்றிய வருடங்களும் மட்டுமே அதில் இருந்தன. நோயாளியின் இடத்தில் நின்று ஒரு பில்லை வாசிக்கத் தெரிந்தவர் என்று அதில் எங்கும் இல்லை. அன்று இரவு உட்கார்ந்து அதை மாற்றி எழுதினோம். இன்னொன்றும் தெரியவந்தது. செங்கல்பட்டில் ஒரு மருத்துவமனையின் கணக்குப் பிரிவில் வேலைசெய்யும் சகோதரி ஒருவர், நான்கு ஆண்டுகளாக ஆராதனையில் அவருக்கு இரண்டு பெஞ்சு முன்னால் உட்காருகிறார். இருவருக்கும் ஒருவர் வேலை இன்னொருவருக்குத் தெரியாது. இந்தக் குறையில் என் பங்கு பெரிது. உங்கள் ஜெப விண்ணப்பங்கள் எனக்குத் தெரியும். நீங்கள் நாள் முழுவதும் என்ன செய்கிறீர்கள் என்பது எனக்கே சரியாகத் தெரியாது. அந்தச் சகோதரி மூன்று இடங்களின் விவரம் தந்திருக்கிறார். ஓர் இடத்தில் நேர்காணல் முடிந்திருக்கிறது. முடிவு இன்னும் வரவில்லை.

வேலையில் இருப்பவர்களுக்கும் சொல்ல வேண்டியது உண்டு. மாதத்துக்கு ஒருமுறை ஒரு நோட்டில் நான்கு வரி எழுதுங்கள்: இந்த மாதம் எந்தச் சிக்கலைத் தீர்த்தேன், எதைக் கவனித்ததால் தீர்த்தேன் என்று. நிறுவனத்தின் இரகசியங்கள் வேண்டாம். உங்கள் கண் கண்டதை மட்டும் எழுதுங்கள். வேலை போன வாரத்தில் யோசித்தால் ஒன்றும் நினைவுக்கு வராது. அவமானம் ஞாபகத்தை அடைத்துவிடும்.

மாமல்லபுரத்தில் கல்லில் வேலைசெய்யும் நம் சகோதரர்களுக்கு இது எளிதில் புரியும். கல்லைத் தட்டி, எழும் ஓசையைக் கேட்டு, உள்ளே விரிசல் உண்டா இல்லையா என்று சொல்லிவிடுகிறார்கள். கிரைண்டர் வந்தபின்னும் அந்தக் காதுக்கு மாற்று வரவில்லை. உளியைத் தீட்டும் நேரத்தை வீண் நேரம் என்று எந்தச் சிற்பியும் நினைப்பதில்லை. அலுவலகத்தில் இருப்பவர்கள்தான் ஒரு புதிய கருவியைக் கற்க அரைநாள் ஒதுக்கத் தயங்குகிறோம். (கிரைண்டர் பிடிக்கும் தம்பிமாரே, மூக்கை மூடாமல் வேலைசெய்யாதீர்கள். கல் தூசி நுரையீரலில் தங்கினால் திரும்பி வராது. இதைப் பிரசங்கத்தில் சொல்ல இடமில்லாததால் இங்கே சொல்கிறேன்.)

பானைகளிடம் கற்ற இன்னொன்று, ஆட்களை வைத்து வேலைவாங்குகிறவர்களுக்கு. ஒரு பாம்பை ஏறத்தாழ மூன்று வாரம்தான் வைத்திருப்பார்கள். நான்கு முறை விஷம் எடுத்தபின், வயிற்றுச் செதிலில் ஓர் அடையாளமிட்டுக் காட்டில் விட்டுவிடுவார்கள். அடுத்த முறை அதே பாம்பு அகப்பட்டால், அடையாளத்தைப் பார்த்து விட்டுவிடலாம். ஐந்தாம் முறையும் எடுக்கலாமே என்று அவர்கள் கேட்பதில்லை. சென்ற கிறிஸ்துமஸ் வாரத்தில் தன் கடைப் பையனுக்கு ஒரு நாள்கூட விடுப்புக் கொடுக்காத ஒருவர் இதை வாசிப்பார் என்று அறிந்தே எழுதுகிறேன்.

வருகிற இரண்டாம் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு ஆலய வளாகத்தில் கூடுவோம். பிரசங்கம் கிடையாது. தங்கள் கைக்கு என்ன தெரியும் என்று ஒவ்வொருவரும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள்: மீன்பிடிப்பவர்கள், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் ஒப்பந்தத்தில் இருப்பவர்கள், செவிலியர், படித்துவிட்டுக் காத்திருப்பவர்கள் எல்லோரும். யாருக்கு யார் வழிகாட்ட முடியும் என்று பார்ப்போம்.

குப்பத்தில் மீன் விற்கும் ஒரு தாயாரிடம் போன ஞாயிறு இதைச் சொன்னபோது, "எனக்கு எழுத என்ன இருக்கு ஐயா?" என்று சிரித்தார். பக்கத்தில் பேத்தி இருந்தாள். ஏலத்தில் விலையை எந்த இடத்தில் நிறுத்துவீர்கள் என்று சும்மா கேட்டேன். செவுளின் நிறத்திலிருந்து தொடங்கினார். ஐஸ் எவ்வளவு, எந்தத் தெருவில் எந்தக் கிழமை எந்த மீன் போகும், யாருக்குக் கடன் கொடுக்கலாம், யாருக்குக் கொடுக்கக்கூடாது என்று சொல்லிக்கொண்டே போனார். பேத்தி என் ஆராதனைக் குறிப்புத் தாளை வாங்கி எழுதத் தொடங்கினாள். ஒரு பக்கம் நிறைந்து, தாளைத் திருப்பினாள்.