தேவதூதர்களுக்கு நடுவே ஒரு வியாபாரப் பாட்டி!

ஊர் சுற்றப் போகிறவர்கள் கல்லறைத் தோட்டத்துக்குப் போவார்களா? இத்தாலியின் துறைமுக நகரமான ஜெனோவாவுக்குப் போகிறவர்கள் போகிறார்கள். அதுவும் கேமராவும் கையுமாக!

அந்த இடத்தின் பெயர் ஸ்டால்யேனோ. 1851-ல் திறக்கப்பட்டது. கார்லோ பராபினோ போட்ட திட்டத்தை, அவர் மறைந்த பிறகு ரெசாஸ்கோ என்ற கட்டடக் கலைஞர் எடுத்து முடித்தார். நீள நீளமான தூண் மண்டபங்கள், அவற்றுக்குப் பின்னால் மரங்கள் அடர்ந்த மலைச்சரிவு. அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைன் 1867-ல் இங்கே வந்து, வியந்து எழுதினார். இத்தாலிய விடுதலைப் போராளி மாஜினி உறங்குவதும் இங்கேதான்.

மண்டபத்துக்குள் நுழைந்தால் திரும்பிய பக்கமெல்லாம் பளிங்குச் சிலைகள். கணவரின் முகத்தை மூடிய துணியை விலக்கிக் கடைசியாக ஒரு முறை பார்க்கும் மனைவி, சிறகு விரித்த தேவதூதர்கள்... செல்வந்தர்கள் பெரிய சிற்பிகளை அமர்த்திச் செய்தவை இவை.

எல்லோரும் தேடிப் போவது மான்டெவெர்டேயின் தேவதூதரை. வங்கித் தலைவர் ஒனேட்டோவின் குடும்பக் கல்லறைக்காக, 1882-ல் ஜூலியோ மான்டெவெர்டே செதுக்கியது. பெரிய சிறகுகள், கையில் எக்காளம், மார்பின் குறுக்கே மடித்த கைகள். வழக்கமான தேவதூதர் ஆறுதல் சொல்வார். இவரோ எதுவும் சொல்லாமல் எங்கோ வெறித்துப் பார்க்கிறார். ‘அடுத்து என்ன?’ என்ற கேள்விக்கு அந்த முகத்தில் பதில் இல்லை. அதனாலேயே உலகின் பல கல்லறைத் தோட்டங்களில் இதைப் பார்த்துச் செய்த சிலைகள் நிற்கின்றன.

படம் எடுப்பவர்களுக்கு இங்கே ஒரு விசித்திரம் காத்திருக்கிறது. தூசி! ஆண்டுக்கணக்கில் தோளிலும் துணி மடிப்பிலும் படிந்து கறுத்திருக்கிறது. வெளிச்சம் விழ வேண்டிய மேல்பக்கம் இருட்டாகவும், நிழலாக இருக்க வேண்டிய அடிப்பக்கம் வெள்ளையாகவும் தெரியும். ஃபிளாஷ் போட்டால் இந்த அழகு போய்விடும். தூண்களுக்கிடையே சாய்வாக வரும் வெயிலே போதும்.

இத்தனை சீமான்களுக்கு நடுவே ஒரு பாட்டி நிற்கிறார். பெயர் காத்தரீனா காம்போதோனிகோ. திருவிழாக்களில் ஹேசல்நட் பருப்பு மாலையும் வளைய ரொட்டியும் விற்றுப் பிழைத்தவர். ஒருமுறை அவர் நோயில் விழுந்தபோது, உறவினர்களின் கண் அவர் சேமிப்பின் மேல்தான் இருந்தது என்று ஊரில் சொல்வார்கள். எழுந்து உட்கார்ந்த பாட்டி ஒரு முடிவெடுத்தார். சேர்த்த காசைக் கொண்டுபோய், புகழ்பெற்ற சிற்பி லொரென்ஸோ ஒரெங்கோவிடம் கொடுத்துத் தன் சிலையைச் செய்யச் சொன்னார்!

1881-ல், பாட்டி உயிரோடு இருக்கும்போதே சிலை தயாரானது. சரிகைப் பூவேலை உடை, குஞ்சம் தொங்கும் சால்வை. ஆனால் கையில் பிடித்திருப்பது, அதே பருப்பு மாலைகளும் ரொட்டியும்தான். தொழிலை அவர் மறைக்கவில்லை. கீழே ஜெனோவா வட்டார மொழியில் அவருக்காகவே எழுதப்பட்ட கவிதை. மறு ஆண்டு பாட்டி மறைந்தார். வங்கித் தலைவரின் கல்லறைக்குத் தேவதூதர் வந்த அதே 1882!

நகரப் பேருந்திலேயே போய்விடலாம். நுழைவுக் கட்டணம் கிடையாது. ஆனால் இன்றும் அடக்கம் நடக்கும் இடம் இது. பூக்கொத்தோடு யாராவது நின்றால் கேமராவைத் தாழ்த்திக்கொள்வதே மரியாதை.

தேவதூதரைப் படம் எடுத்த கையோடு, பாட்டியின் கைகளையும் ஒரு குளோஸ்-அப் எடுங்கள். அந்த மாலையில் கோத்த ஒவ்வொரு பருப்பும் தெரியும்.