அவித்த பயறும் அன்னாசித் துண்டும்

இனிப்பும் உறைப்பும் ஒரே இலையில் இருக்கலாம். ஒரே கவளத்தில் சேர்தல் ஆகாது என்பது எங்கள் வீடுகளில் வழங்கிவரும் எழுதாச் சட்டம். சட்டம் உண்டேயொழிய, அதற்கு அடங்கி நடந்தவர்களை நான் கண்டதில்லை. கறுத்தக்கொழும்பான் மாம்பழக் காலத்தில் புட்டோடு மாம்பழத்தைப் பிசைந்து உண்டு, இடையிடையே சம்பலையும் தொட்டுக்கொள்ளாத யாழ்ப்பாணத்தவர் எத்தனை பேர்? சீனிச் சம்பல் என்ற பெயரே அச்சட்டத்தை மீறிய பெயரல்லவா? சிங்கள மக்கள் பாற்சோற்றைக் கட்டைச் சம்பலோடும் உண்பர், சர்க்கரையோடும் உண்பர். புரியாணிக்குத் துணையாக வரும் மலாய் அச்சாற்றில் பேரீச்சம்பழமும் பச்சைமிளகாயும் வினாகிரியில் ஒன்றாக ஊறிக் கிடக்கின்றன. கொழும்பு காலிமுகத்திடலில் மாலை வேளையில் காற்று வாங்கச் சென்றவர்கள், உப்பும் மிளகாய்த்தூளும் தூவிய அன்னாசித் துண்டை வாங்காமல் திரும்புதல் அரிது.

இந்தப் பழைய சட்டமீறலை இன்றைய தேவையொன்றுக்குப் பயன்படுத்தலாம் என்பதே நான் சொல்லப் புகுந்தது. புரதம் மிகுந்தும் கலோரி குறைந்தும் உள்ள உணவு வேண்டும் என்று வைத்தியர்கள் சொல்கிறார்கள். உடற்பயிற்சி செய்யும் இளைஞரும் அதையே சொல்கிறார்கள். ஆனால் அத்தகைய உணவு பெரும்பாலும் சுவையற்றது. நோயாளியின் பத்தியம் போன்றது. பத்தியத்தை ஒரு கிழமை உண்ணலாம். ஓர் ஆயுள் முழுவதும் உண்ண எவராலும் இயலாது.

எங்கள் வீட்டில் இத்தேவை இரு முனைகளிலிருந்து ஒரே காலத்தில் வந்தது. என் தாயாருக்கு வயது 72. நீரிழிவு கண்டு ஆண்டுகள் பலவாகின்றன. வைத்தியசாலையிற் கொடுத்த உணவுத்தாளில் சீனி, சர்க்கரை, பனங்கட்டி, பலகாரம் யாவும் விலக்கப்பட்டிருந்தன, சோறும் பாதியாக்கப்பட்டது. தாயார் பிடிவாதக்காரர், எடுத்ததை எடுத்தபடி செய்பவர். பாதிச் சோற்றை உண்டார். குறைந்த பாதிக்கு ஈடாக வேறெதையும் உண்ணவில்லை. சில மாதங்களில் கதிரையை விட்டு எழும்பும்போது இரு கைகளையும் ஊன்ற வேண்டிய நிலை வந்தது. இரத்தத்தில் வெல்லம் சற்றுக் குறைந்ததுதான்; ஆனால் தசையும் உடன் குறைந்துவிட்டது. “அம்மாவுக்குப் புரதம் போதாது” என்றார் வைத்தியர். அதே மாதம், உயர்தர வகுப்பிற் படிக்கும் என் மகன், புரதமாப் பேணி ஒன்று வாங்கித் தரும்படி கேட்டான். அதன் விலை எங்கள் வீட்டின் இரு கிழமை மரக்கறிச் செலவுக்குக் குறையாது.

இஃது எங்கள் வீட்டுக் கதை மட்டுமன்று. 2005, 2006ஆம் ஆண்டுகளில் இலங்கையில் நடத்தப்பட்ட ஆய்வொன்று வளர்ந்தோரில் 10.3 வீதத்தினருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டது. நீரிழிவின் வாசலில் நிற்போரையும் சேர்த்தால் ஐவரில் ஒருவர். அதற்குப் பின்னர் நிலைமை தணிந்ததாக எவரும் சொல்லவில்லை. மறுபுறம், 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் பால்மா, முட்டை, மீன் ஆகியவை பல வீடுகளின் கைக்கெட்டாது போயின. பாணும் சீனித் தேநீருமாகக் காலையுணவை முடித்து வந்த பிள்ளைகள் காலைக் கூட்டத்தில் தலை சுற்றி உட்கார்ந்ததை ஆசிரியனாக நின்று பார்த்தவன் நான். அப்பிள்ளைகளுக்குக் கலோரி ஓரளவு கிடைத்தது, புரதம் கிடைக்கவில்லை. ஒரே நாட்டில் ஒருவர் மிகையால் வாடுகிறார், மற்றவர் குறையால் வாடுகிறார். இருவருக்கும் வேண்டியது ஏறக்குறைய ஒரே கோப்பை உணவு.

இரசாயனவியல் கற்பிப்பவன் ஆதலால் கணக்குப் பாராமல் எனக்கு உணவு இறங்காது என்று மனைவி கேலி செய்வதுண்டு. கணக்கு எளியது. ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரி தரும். புரதமும் மாப்பொருளும் 4 கலோரி வீதம் தரும். (விஞ்ஞான வகுப்பில் இதைக் கிலோகலோரி என்று எழுதாத மாணவனுக்குப் புள்ளி குறைப்பேன், இங்கு ஊர் வழக்கையே பின்பற்றுகிறேன்.) வளர்ந்த ஒருவருக்கு உடல் நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் உள்ளிட்டவை ஏற்ற அளவு. 60 கிலோ நிறையுள்ளவருக்கு அது சுமார் 50 கிராம். முதியோருக்கு இதனினும் சற்றுக் கூடுதலாக வேண்டும் என்பது நிபுணர் பலரின் கருத்து. சிறுநீரக நோய் உள்ளவர்களின் கணக்கு முற்றிலும் வேறு. அவர்கள் தம் வைத்தியரைக் கேளாமல் புரதத்தைக் கூட்டலாகாது.

250 கிராம் சோற்றில் சுமார் 325 கலோரியும் 7 கிராமுக்குக் குறைவான புரதமும் உள்ளன. உலர்ந்த பயறு 50 கிராமை எடுத்து அவித்தால் சுமார் 175 கலோரிக்குள் 12 கிராம் புரதம் வந்துவிடுகிறது. பயற்றின் பெருமையை இதற்குமேல் விரிக்க வேண்டியதில்லை. ஆயினும் நாம் பயற்றை உண்ணும் முறையைக் கவனியுங்கள். அவித்த பயற்றின்மேல் இரு கைப்பிடி தேங்காய்ப்பூவும் ஒரு துண்டு பனங்கட்டியும் சேர்க்கிறோம். 40 கிராம் தேங்காய்ப்பூவில் 140 கலோரி. 30 கிராம் பனங்கட்டியில் 115 கலோரி. பயற்றின் கலோரியைத் துணைக்கு வந்தவை இரண்டும் சேர்ந்து வென்றுவிடுகின்றன. பனங்கட்டி உடலுக்குக் கெடுதி செய்யாது, சீனிதான் செய்யும் என்ற நம்பிக்கை எம்மவரிடையே வேரூன்றியிருக்கிறது. பனங்கட்டியிற் சிறிது கனியுப்புகள் உண்டு, மணம் உண்டு, ஊர்ப்பற்றும் உண்டு. ஆனால் அதன் பெரும்பகுதி சீனியில் உள்ள அதே சுக்குரோசுதான். நீரிழிவு அதற்குச் சலுகை காட்டுவதில்லை.

இனிப்பை முற்றாக நீக்கினால் தாயார் உண்ணமாட்டார். ஆகவே இனிப்பின் அளவைக் குறைத்து, அதன் உணர்வைக் கூட்ட வேண்டும். இங்கேதான் காலிமுகத்திடல் அன்னாசி கைகொடுத்தது. உப்புக்கு ஒரு குணம் உண்டு. அது கைப்பை அடக்கிவிடும். கைப்பு அடங்கியதும் அதன் மறைவிலிருந்த இனிப்பு மேலெழும். அரைப்பழமான கொய்யாவை உப்பிட்டுத் தின்ற எவருக்கும் இது பாடமாகச் சொல்ல வேண்டியதன்று. புளிப்பும் உறைப்பும் உடன் வந்தால், நா ஒவ்வொரு கவளத்திலும் புதிதாக எதையோ சந்திக்கிறது. இனிப்பு சிறிதாயினும் பெரிதாகத் தோன்றுகிறது.

செய்முறை இது. பயற்றை இரவு முழுவதும் ஊறவைத்து, உப்பிட்டு, குழையாமல் மணிமணியாக அவித்து வடித்துக்கொள்ள வேண்டும். தாச்சியில் அரைத் தேக்கரண்டி எண்ணெய் மட்டும் விட்டுக் கடுகு, செத்தல் மிளகாய், கறிவேப்பிலை தாளித்துப் பயற்றைப் புரட்டி இறக்கிவிடலாம். இறக்கிய பின்னர், பொடியாக வெட்டிய அன்னாசி ஒரு பிடி, சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், ஒரு மேசைக்கரண்டி தேங்காய்ப்பூ, தேசிக்காய்ப்புளி. ஒருவருக்கு 50 கிராம் பயறு, 75 கிராம் அன்னாசி என்று கொண்டால் மொத்தம் ஏறக்குறைய 250 கலோரிதான். பழைய முறையில் அது 430.

முதல் நாள் கோப்பையைக் கண்டதும் தாயார் கேட்டார்: “உதென்ன கூத்து, தம்பி? பயத்துக்கை ஆரும் அன்னாசி போடுவினமே?”

“அப்பம்மா, கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடுங்கோ” என்றான் மகன்.

அவர் கண்ணை மூடவில்லை. சந்தேகத்தோடு ஒரு கரண்டி எடுத்தார், மெதுவாக மென்றார், பின்னர் உப்புக் காணாது என்றார். எங்கள் வீட்டில் உப்புக் காணாது என்பது, மற்றவை யாவும் சரி என்பதன் மறுபெயர். உப்பைக் கூட்டாமல் தேசிக்காயைக் கூட்டினேன். கோப்பை வெறுமையாயிற்று.

அதன் பின்னர் நானும் மனைவியும் வேறு சில சேர்க்கைகளையும் செய்து பார்த்தோம். அவித்த கடலையோடு பேரீச்சம்பழம் இரண்டை நறுக்கிப் போட்டு, மிளகும் தேசிக்காயும் சேர்த்தது மாணவர்க்கு ஏற்றது. காலையிற் கட்டிக்கொண்டு போகலாம். மீன் உண்ணும் வீடுகளில் வேலை இன்னும் எளிது: 100 கிராம் சூரை மீனில் 24 கிராம் அளவு புரதமும் சுமார் 110 கலோரியுமே உண்டு, அதை அன்னாசியோடும் மிளகோடும் எண்ணெயின்றிப் பிரட்டிக்கொள்ளலாம். எங்கள் வீடு சைவம். ஆதலால் சோயாவை நாடினோம். எண்ணெய் நீக்கிய சோயாமாவிலிருந்து செய்யப்படும் அந்த உலர்ந்த துண்டுகளில் சரிபாதி புரதம். அவற்றோடு பொதியில் வரும் சுவைத்தூளை நீக்கிவிட்டு, அம்பரெல்லாக் காயின் புளிப்போடும் ஒரு சிறு துண்டு பனங்கட்டியோடும் கறியாக்கினால், புளிப்பு, இனிப்பு, உறைப்பு மூன்றும் கூடிய நல்ல கறி. முழுப் பனங்கட்டியை விரும்பித் தின்பவருக்குக் கறியில் அதன் வாசனையே பாதி ஆறுதல்.

தயிரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். எருமைத் தயிரும் கித்துள் பாணியும் சேர்ந்த சுவையை நான் குறை சொல்லத் துணியேன். ஆனால் எருமைப்பாலில் 100 கிராமுக்கு 7 கிராம் அளவு கொழுப்பு உண்டு. எங்கள் முறையில் பசுப்பாலைக் காய்ச்சி ஆறவைத்து, ஆடையை நீக்கி உறைய வைக்கிறோம். உறைந்த தயிரை மெல்லிய துணியிற் கட்டிச் சில மணி நேரம் தொங்கவிட்டால் நீர் வடிந்து, புரதம் செறிந்த கெட்டித் தயிர் எஞ்சும். அதில் மாம்பழத் துண்டும் உப்பும் மிளகும் சேர்த்து, கடுகு தாளித்தால் அதுவே ஒரு பச்சடி. அன்னாசியைத் தயிரிற் போட்டு வைக்கக் கூடாது. பச்சை அன்னாசியில் உள்ள புரோமெலின் என்னும் நொதியம் பாற்புரதத்தை உடைத்துவிடும்; சிறிது நேரத்திற் பச்சடி கைத்துப்போகும். அன்னாசிதான் வேண்டும் என்பவர் அதை முதலில் வேகவைத்துக்கொள்ளலாம். சூட்டில் அந்நொதியம் செயலிழந்துவிடும். பப்பாசியிலும் இத்தகைய நொதியமொன்று உண்டு.

துணியிலிருந்து வடிந்த மஞ்சள்நிற நீரைக் காட்டி மகனிடம், “நீ கேட்ட பேணியில் இருப்பது இதன் உறவுதான்” என்றேன். பாற்கட்டி செய்யும்போது வடியும் இதுபோன்ற நீரிலிருந்தே அந்தப் புரதமாவைப் பிரித்துச் செறிவாக்கி உலர்த்துகிறார்கள். அவன் அதைச் சிறிது குடித்துப் பார்த்து முகம் சுளித்தான். தாயார் அந்நீரை இரசத்திற் சேர்த்துவிட்டார். மகனின் நாளாந்த உணவை நாங்கள் இருவருமாக எழுதிக் கூட்டினோம்: காலையிற் பயறு 12 கிராம், மதியம் சோறும் பருப்பும் சோயாவும், இரவில் இடியப்பமும் கடலையும் தயிரும். பேணியின்றியே 50ஐத் தாண்டியது. தானியத்தில் இலைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு. அது பயற்றில் நிறைய உண்டு. பயற்றிற் குறைவான மெதியோனின் தானியத்தில் உண்டு. அரிசியோடு வறுத்த பயறு சேர்த்துப் பொங்கியவர்கள் இப்பெயர்களை அறிந்திருக்கவில்லை, சேர்க்கையை அறிந்திருந்தார்கள். பேணி பற்றிய பேச்சு அத்தோடு நின்றது. முற்றாக நின்றுவிட்டதென்று சொல்லமாட்டேன். அவனுடைய நண்பர்கள் வாங்குகிறார்கள்.

தாயார் இப்போது ஒரு கையை மட்டும் ஊன்றி எழும்புகிறார். மருந்துகளையும் முறையாக எடுக்கிறார். மாலையில் முற்றத்தில் நடக்கிறார். ஆகவே இதில் பயற்றின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னிடம் தராசில்லை. கடந்த முறை வைத்தியர் மூன்று மாதச் சராசரியைப் பார்த்து, இப்படியே தொடருங்கள் என்றார். சோற்றில் இன்னும் பாதியே. மறுபாதியின் இடத்தை ஒருநாள் பயறும் ஒருநாள் கடலையும் நிரப்புகின்றன.

தைப்பொங்கலுக்கும் இதே முறையைக் கொண்டுவரலாமா என்று சென்ற ஆண்டு மெல்லக் கேட்டேன். அரிசியைக் குறைத்துப் பயற்றைக் கூட்டுவதற்குத் தாயார் உடன்பட்டார். சர்க்கரையின் அளவைப் பற்றி நான் வாய் திறக்குமுன், அகப்பையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, “நீ போய்ப் படலையிலை தோரணத்தைக் கட்டு” என்றார்.