பூண்டுப் பூ

ஒரு சமயம் பேய்க் கதை ஒன்றைத் தொடராக எழுதினேன். எடுத்த எடுப்பிலேயே என் பேய்க்குச் சகல சக்திகளையும் வாரி வழங்கிவிட்டேன். அது சுவருக்குள் நுழையும். நினைத்த உருவம் எடுக்கும். எந்த மந்திரத்துக்கும் கட்டுப்படாது. நாலாவது வாரம் ஓர் அன்பர் கார்டு போட்டிருந்தார்: "ஐயா, இத்தனை வல்லமை உள்ள பேய், கதாநாயகனை முதல் வாரமே தீர்த்துவிடாமல் எதற்காகக் காத்திருக்கிறது?" எனக்குப் பதில் தெரியவில்லை.

பதில் தேடித்தான் பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா'வை மறுபடி கையில் எடுத்தேன். 1897-இல் லண்டனில் வெளியான நாவல். ரத்தம் குடிக்கும் அந்தப் பிரபுவுக்கு இருபது ஆள் பலம். ஓநாயாவான், வௌவாலாவான், மூடுபனியாகிக் கதவிடுக்கில் புகுவான். ஆனால் ஸ்டோக்கர் கணக்குப் பார்த்து வரம் கொடுத்தவர். வீட்டிலுள்ள ஒருவர் அழைத்தாலன்றி முதல் தடவை அவன் வாசற்படி தாண்ட முடியாது. சிலுவைக்கு ஒதுங்குவான். பூண்டு ஆகாது. சொந்த ஊர் மண்ணில்தான் படுக்க வேண்டும். அதற்காக ஐம்பது பெட்டி மண்ணைக் கப்பலேற்றிக்கொண்டு இங்கிலாந்துக்கு வருகிறான். பகலில் நடமாடுவான், சக்தி மட்டும் ஒடுங்கியிருக்கும். வெயில் பட்டதும் மாய்ந்துபோவது, 1922-இல் ஜெர்மனியில் எடுத்த 'நோஸ்ஃபெராட்டு' என்ற படத்தில் வந்தது.

இத்தனை பலவீனம் உள்ளவனைச் சுலபமாக முடித்துவிடலாமே? முடியவில்லை.

லூஸி என்ற பெண்ணின் ரத்தத்தை அவன் இரவில் வந்து குடிக்கிறான். வான் ஹெல்ஸிங் என்ற டாக்டர், ஹாலந்திலிருந்து பூண்டுப் பூ தருவித்து, ஜன்னலில் தேய்த்து, மாலையாகவும் கட்டி அவள் கழுத்தில் போடுகிறார். காரணத்தை யாரிடமும் சொல்லவில்லை. லூஸியின் தாயாருக்கு இருதய நோய், அதிர்ச்சி ஆகாது. ஆகவே அவளிடம் ஒன்றும் மூச்சுவிடக் கூடாது என்று ஏற்பாடு. அன்றிரவு அந்த அம்மாள் மகளைப் பார்க்க வருகிறாள். அறை முழுதும் நெடி. குழந்தைக்கு மூச்சு முட்டுமே என்று பூக்களை எடுத்துப் போட்டு, ஜன்னலையும் சற்றே திறந்துவைத்துவிட்டுப் போகிறாள். காலையில் அதை டாக்டரிடமே சந்தோஷமாகச் சொல்கிறாள்.

இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவிட்டேன்.

என் தகப்பனாருக்குச் சர்க்கரை வியாதி என்று தெரிந்தபோது, அம்மா கலங்கிவிடுவாள் என்று அவரும் நானுமாகச் சேர்ந்து மறைத்தோம். அவர் மெலிந்து வருவதைப் பார்த்த அம்மா, உடம்பு தேறட்டும் என்று, இரவில் பாலில் கற்கண்டு போட்டுக் கொடுத்தாள். அவரும் மறுக்காமல் குடித்தார். காலில் புண் வந்து ஒரு விரலை எடுத்த பிறகுதான் அவளுக்கு விஷயம் தெரிந்தது. "என் கையாலேயா கொடுத்தேன்?" என்று ஒரே ஒரு தரம் கேட்டாள். அப்புறம் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

சில நாள் கழித்து நாவலை முடித்தேன். லூஸி போன பிறகும் அந்த ஆண்களுக்குப் புத்தி வரவில்லை. பயப்படுவாள் என்று மீனாவிடம் தங்கள் ஆலோசனைகளை மறைக்கிறார்கள். அவள் தங்கியிருக்கும் மனநோய் ஆஸ்பத்திரியில் ஒரு நோயாளி பிரபுவை உள்ளே அழைத்துவிடுகிறான். மீனாவும் அவன் கையில் அகப்படுகிறாள். அதன் பிறகுதான் எல்லாவற்றையும் அவளிடம் சொல்கிறார்கள். தப்பி ஓடும் பிரபு கப்பலில் இருக்கிறான் என்று ஹிப்னாடிஸத் தூக்கத்தில் காட்டிக்கொடுப்பவள் அவளே. எந்த ஆற்று வழியாகப் போவான் என்று உட்கார்ந்து யோசித்து எழுதிக் கொடுப்பவளும் அவளே. கடைசியில் அவனை முடிக்க இரண்டு கத்திகள் போதுமாயிருக்கின்றன.

கார்டு போட்ட அன்பருக்கு இப்போது பதில் எழுதலாம். வீட்டில் யாராவது யாரிடமாவது, அன்பினாலேயே, ஏதாவது ஒன்றை மறைக்கட்டும் என்றுதான் பேய் காத்திருந்தது.