ஊதா மூடிக் குழாய்

காலை நிகழ்ச்சியை முடித்த கையோடு சுங்கை வே கிளினிக்குக்கு ஓடினேன். மகளுக்கு டிங்கி, நான்காம் நாள். தட்டணு 38,000 என்றது அறிக்கை. குறைந்தது 150,000 இருக்கவேண்டும். எனக்குக் கால் நடுங்கியது.

"குழாயில ரத்தம் கட்டியிருக்குக்கா. இன்னொரு தடவை எடுத்திடுவோம்" என்றார் தாதி.

அரை மில்லி ரத்தம்தான். ஊதா மூடிக் குழாயின் உட்புறத்தில், ரத்தம் உறையாதிருக்க இ.டி.டி.ஏ. பூசியிருக்கும். உடனே கலக்காவிட்டால் தட்டணுக்கள் கட்டியில் சிக்கிவிடும். இயந்திரம் குறைத்து எண்ணும். வேகமாகக் குலுக்கினாலோ, ஃபிரீசரில் வைத்தாலோ அணுக்கள் உடையும். தாதி மெல்ல எட்டு முறை கவிழ்த்து நிமிர்த்தினார்.

இரண்டாவது எண்ணிக்கை 112,000.

எண் சட்டென்று சரிந்தால், "ரத்தம் கட்டியிருந்ததா?" என்றும் டாக்டரிடம் கேளுங்கள். மைக் முன் ஓயாமல் பேசும் நான், அன்று அந்த எட்டையும் வாய்மூடி எண்ணிக்கொண்டிருந்தேன்.